அப்பாவிடம் நான் கண்ட குறை

பத்து வயதில் நான் ஒருமுறை என் அப்பாவைப் பொதுமேடையில் திருத்தியிருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. திருத்திய கையோடு மேஜைக்கு அடியில் நுழையப் பார்த்தவன் என்ன பெருமை பேச முடியும்?

மகாராஜா ஆட்சிக் காலம். திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் குடியிருந்தோம். அப்பாவுக்கு ஜவுளிக் கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கும் வேலை. கடைத்தெருத் தமிழ்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் கூடி மேடைப்பேச்சுப் பழகுவதற்கு ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். மிளகாய்வற்றல் மூட்டைகள் அடுக்கிய ஒரு கிட்டங்கியின் மாடியில் அது நடந்தது. எத்தனை உருக்கமாகப் பேசுகிறவராக இருந்தாலும் நடுவில் இரண்டு தும்மல் போடாமல் முடித்ததில்லை.

அந்தச் சங்கத்தில் ஒரு விசித்திரமான வழக்கம். ஒருவர் பேசி முடித்ததும் வேறொருவர் எழுந்து குணதோஷம் சொல்ல வேண்டும். மூன்று குணம், ஒரு குறை, அந்தக் குறைக்கு ஒரு பரிகாரம். குறையை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் அபராதம். பரிகாரம் சொன்னதும் பேச்சாளர் அங்கேயே, அப்போதே, அதன்படி கொஞ்ச நேரம் மறுபடி பேசிக் காட்ட வேண்டும். நாளைக்குத் திருந்துகிறேன் என்ற பேச்சே கிடையாது. குணதோஷக்காரர் யார் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். பத்து வயது நிரம்பிய பையன்களின் பெயரும் அதில் உண்டு.

எனக்குப் பத்து நிரம்பி இரண்டு வாரம் ஆகியிருந்தது. அப்பா பேசுகிற அன்றைக்கே என் சீட்டு வந்தது.

அது சாதாரண நாளாக இருந்திருக்கக் கூடாதா? சங்கத் தலைவர் சொந்தமாக ஒரு பள்ளிக்கூடம் நடத்தியவர். அங்கே தமிழ் வாத்தியார் வேலை காலியாக இருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை உம்முடைய பேச்சைக் கேட்கிறேன், பிடித்திருந்தால் வேலை உமக்கு என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார். முதல் இரண்டு பேச்சும் பிரமாதம் என்று தெருவே சொன்னது. இது மூன்றாவது. அப்பாவுக்குத் துணி கிழிக்கிற சத்தம் காதில் விழாத இடத்தில் ஒரு நாளாவது உட்கார வேண்டும் என்பதே ஆசையாக இருந்தது.

பெற்ற மகன் குணதோஷம் சொல்லலாமா என்று யாரோ கேட்டார்கள். வீட்டு ஆளுக்குத்தான் குறை தெரியும் என்று தலைவர் முடித்துவிட்டார். என்னை மேடைக்குப் பக்கத்தில், சபையைப் பார்த்தபடி ஒரு முக்காலியில் உட்கார்த்தினார்கள்.  

அன்றைக்கு அப்பாவின் பொருள் உப்பு. பெயரைக் கேட்டதுமே, உப்புச் சத்தியாக்கிரகமோ என்று, முன்வரிசையில் இருந்த போலீஸ் ரைட்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்பா பேசியதோ சமையல் உப்பைப் பற்றி. பருப்பு வேகுமுன் உப்புப் போட்டால் பருப்பு எப்படி முரண்டு பிடிக்கும், கீரைக்கு எந்த நேரத்தில் போட வேண்டும், மழைக்காலத்தில் உப்பு ஜாடி எப்படி அழும் என்றெல்லாம் சொன்னார். அடுப்படிக்குள் தண்ணீர் குடிக்கக்கூடப் போகாத மனிதருக்கு இவ்வளவும் தெரிந்திருக்கிறதே என்று சபை வாயைப் பிளந்தது. நான் பிளக்கவில்லை. என் கவலை எனக்கு. குறை ஒன்று வேண்டுமே. கையை ஆட்டினார், சரியாக ஆட்டினார். தும்மினார், அது குறையில் சேராது. 

அப்போதுதான் கண்டுபிடித்தேன். அப்பா ஆரம்பத்திலிருந்து இடது பக்கத்தையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். இடது பக்கம் பெண்கள் பகுதி. ஆண்களின் கண்ணில் படாதபடி ஓலைத்தட்டி வைத்து மறைத்திருக்கும். தட்டியின் மேடைப் பக்கத்து ஓரத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். மேடையில் நிற்பவருக்கும் முக்காலியில் இருந்த எனக்கும் மட்டும் அவள் முகம் தெரியும். அம்மாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அப்பாவுக்கு வேலை கிடைக்கப் பத்மநாப சுவாமியை வேண்டிக்கொள்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். நல்ல அம்மா. வாரக் கடைசியில் துணிக்கடைக் காகிதத்தின் பின்பக்கத்தில் அவள் பக்கம் பக்கமாக எழுதுவதைக்கூட மளிகைச் சாமான் பட்டியல் என்று நம்பியவன் நான். இவ்வளவு சாமான் வாங்கியும் வீட்டில் ஒன்றும் இல்லையே என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

அப்பா முடித்தார். கைதட்டல் அடங்கியதும் எழுந்தேன். மூன்று குணத்தையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். பிறகு குறை. பேச்சாளர் இடது பக்கத்தை மட்டுமே பார்த்தார். பரிகாரம்: வலது பக்கத்தைப் பார்த்துப் பேச வேண்டும்.

சபை சிரித்தது. தலைவர் என் கூர்மையை மெச்சினார். அப்பா மட்டும் என்னைப் பார்த்தார். சந்தையில் தொலைந்துபோன பிள்ளை ஆட்களைப் பார்ப்பது போன்ற பார்வை. பிறகு வலது பக்கம் திரும்பினார். அங்கே சுவரும் ஒரு மிளகாய் மூட்டையும் இருந்தன.

"சோற்றில் உப்பு இருக்கிற வரைக்கும் அதை..." என்றார். நின்றார். மறுபடி, "சோற்றில் உப்பு இருக்கிற வரைக்கும்..."

அவ்வளவுதான். கழுத்து நரம்பு புடைத்தது. மூட்டை உதவவில்லை. ஒரு நிமிஷம் முன்பு வார்த்தைகளைக் கொட்டிய மனிதருக்கு வலது பக்கம் திரும்பினால் பேச்சு வராது என்ற இந்த வியாதி என்ன என்று எனக்கு விளங்கவில்லை. என்னால் ஏதோ உடைந்துவிட்டது என்பது மட்டும் தெரிந்தது. 

அப்போது தட்டிக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"இருக்கிற வரைக்கும் அதை யாரும் கேட்கமாட்டார்கள். இல்லாத அன்றைக்குத்தான் பெயர் சொல்லித் தேடுவார்கள்."

யாரும் தும்மவில்லை. தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மேலே சொல்லச் சொன்னார். அம்மா சொன்னாள். அப்பா விட்ட இடத்திலிருந்து கடைசி வரைக்கும், உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமல், நிதானமாகச் சொல்லி முடித்தாள். அப்பா மேடையிலேயே தலைகுனிந்து நின்றார்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "சட்டம் சட்டமாக்கும். இதுக்கும் குணதோஷம் சொல்லு டே."

இரண்டாவது குணதோஷத்துக்கு நான் தயாரில்லை. முதலாவதுக்கே இல்லை. சத்தம் நன்றாகக் கேட்டது என்றேன். தடுமாறவில்லை என்றேன். மூன்றாவதாக, தும்மவில்லை என்றேன். குறை எங்கே என்று நாலு பக்கமும் விழித்தேன். வாய் தானாகத் திறந்தது.

"சபைக்கு மொகம் தெரியல. தட்டிய எடுக்கணும்."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. பரிகாரம் சொன்னால் உடனே செய்ய வேண்டுமே. தட்டிக்குப் பின்னால் வளையல்கள் கலகலத்தன. யாரோ ஒரு மாமி, சவத்துப் பயலுக்கு வந்த புத்தியைப் பாரு என்றாள். போலீஸ் ரைட்டர் மேற்கூரையை ஆராய்ந்தார். தலைவர் சட்டத்தையும் தட்டியையும் மாறி மாறி நினைத்துக் குழம்பினார்.

அப்பா மேடையைவிட்டு இறங்கினார். என்னை அடிக்கத்தான் வருகிறார் என்று தலைவரின் மேஜைக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்துவிட்டேன். அவர் என்னைக் கடந்து போனார். அம்மா இருந்த ஓரத்தில் தட்டியைக் கையால் பிடித்து, ஒரு ஆள் அகலத்துக்கு நகர்த்தி வைத்தார். அம்மா எழவில்லை. முந்தானையை இழுத்து மூடவும் இல்லை. தரையைப் பார்த்தபடி இருந்தாள். அப்பா பக்கத்தில் நின்று, "எழுதினது முழுக்க இவளாக்கும். மூணு வாரமும்" என்றார்.

 தலைவர் மரியாதையாகத்தான் சொன்னார். பள்ளிக்கூடத்துக்கு வேண்டியது வாத்தியார், வாத்தியாரின் சம்சாரம் அல்ல, ஓய், மன்னிக்கணும் என்றார். வேலை போனது. என்னால்தான் போனது. அது எனக்குத் தெளிவாகவே புரிந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது அடியை எதிர்பார்த்து முதுகைக் கெட்டியாக்கிக்கொண்டு நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் பொறுக்க முடியாமல் நானே கேட்டேன். நான் சொன்னது தப்பா என்றேன்.

அப்பா யோசித்தார். "முதல்ல சொன்ன பரிகாரம் தப்பு மக்கா. ரெண்டாவது சரி."

இது எனக்குப் பிடிபடவில்லை. முதலாவது யோசித்துச் சொன்னது, பேச்சாளர் எல்லாப் பக்கமும் பார்க்க வேண்டும் என்று சங்கத்துச் சட்டப் புத்தகத்திலேயே இருப்பது. இரண்டாவது பயத்தில் உளறியது. பெரியவர்களுக்குக் குணதோஷம் சொல்லவே தெரியவில்லை என்று முடிவு கட்டினேன்.

வெளியே போனால் அப்பா எப்போதும் பத்தடி முன்னால் போவார், அம்மா பின்னால் வருவாள். நான் இடையில் ஓடுவேன். அன்றைக்கு அவர் நாலு அடி வைப்பார், நிற்பார். அம்மா பக்கத்தில் வந்து சேரும்வரை காத்திருந்து பிறகு நடப்பார். சாலைக் கடைத்தெரு முழுவதும் இப்படியே நின்று நின்றுதான் வந்தார். புதுச் செருப்பு கடிக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.