லிடியா டீச்சரும் ஒன்பதாம் வகுப்பு 'சி' பிரிவும்

லிடியா டீச்சர் இருபத்தோரு வருடமாக ஆங்கிலம் நடத்துகிறவர். சேலத்தில் காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடித்துக் குமாரபாளையத்துப் பெண்கள் பள்ளிக்கு வருவார். பிரம்பைத் தொட்டதில்லை, குரலை உயர்த்தியதும் இல்லை. வகுப்பை அடக்கத் தெரியாமல் திண்டாடும் புது ஆசிரியைகளை, லிடியா டீச்சர் பாடம் நடத்துவதைப் போய்ப் பார்க்கச் சொல்லித் தலைமையாசிரியர் காளிதாஸ் அனுப்புவார்.

அந்த வருடம் அவருக்கு ஒன்பதாம் வகுப்பு 'சி' பிரிவு வந்தது. கொரோனாவில் பள்ளி மூடிக்கிடந்தபோது ஏழாம் வகுப்பைத் தாண்டியிருந்த பிள்ளைகள். அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் யாரோ ஒருத்தி வாயை மூடியபடி 'ம்ம்ம்' என்று ஆரம்பிப்பாள். நொடியில் ஐம்பத்திரண்டு பேரில் முக்கால்வாசிப் பேர் சேர்ந்துகொள்வார்கள். திரும்பிப் பார்த்தால் எல்லாத் தலையும் புத்தகத்தில் இருக்கும்.

முதல் வாரம் அவரும் சிரித்தார். பிறகு இடம் மாற்றி உட்காரவைத்தார். சத்தம் ஓயும்வரை பேசாமல் நின்று பார்த்தார். ஒருநாள் பீரியட் முழுவதும் அப்படியே போயிற்று. பெற்றோரை வரச்சொன்னதற்கு இரண்டு அம்மாக்கள் வந்தார்கள், இருவருமே அந்த முனகலில் சேராத பிள்ளைகளின் அம்மாக்கள். "கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க டீச்சர்" என்றார் காளிதாஸ். காலையில் சாப்பிடாமலே டீச்சர் பஸ் ஏற ஆரம்பித்தார். கணவர் சகாயராஜ் கேட்டபோது வாயுத் தொல்லை என்று சொல்லிவைத்தார்.

ஆகஸ்டில் ஒருநாள் பக்கவாட்டில் நின்றபடியே எழுதினார். மூன்றாவது பெஞ்சில் ரஞ்சனியின் தொண்டை அசைவது தெரிந்தது.

ரஞ்சனியை முன்னால் அழைத்துப் புத்தகத்தைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அவள் கண் சரியாகத் தெரியவில்லை என்றாள். பிறகு தலைவலி என்றாள். வாசிக்காமல் யாரும் வெளியே போகமுடியாது என்றார் டீச்சர். அந்த அறையில் அவர் குரல் உயர்ந்தது அன்றுதான்.

ரஞ்சனி முதல் சொல்லின் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். இரண்டாவது சொல்லில் நின்றுவிட்டாள். அவளோடு சேர்ந்து முனகியவர்களே இப்போது சிரித்தார்கள். அவளுக்கு வாசிக்கவே தெரியாது என்பது டீச்சருக்குப் புரிந்துவிட்டது. போதும், உட்கார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு மாதமாகப் பட்டதற்கு அந்த நிமிடம் இதமாக இருந்தது. மணி அடிக்கும்வரை அவளை நிற்கவைத்தார்.

மறுநாள் ரஞ்சனி வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. பத்தாவது நாள் விலாசம் கேட்டுக்கொண்டு டீச்சரே போனார். விசைத்தறிக் கொட்டகையை ஒட்டிய ஒற்றை அறைதான் வீடு. தறியை நிறுத்திவிட்டு அம்மா வசந்தாமணி வெளியே வந்தாள்.

"நானு நிறுத்தலீங்க டீச்சர். அவளாத்தான் போமாட்டேன்னு உக்காந்துட்டா. அடிச்சுங்கூடப் பாத்துட்டனுங்க."

உள்ளே ரஞ்சனி நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். தலையைத் திருப்பவில்லை. டீச்சர் அவள் அருகில் தரையில் உட்கார்ந்தார்.

"நான் செஞ்சது தப்பு ரஞ்சனி. வகுப்புல வேண்டாம், தனியா உக்காரலாம். நான் சொல்லித் தரேன்."

அறுந்த நூலை முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் அவள் பேசினாள்.

"அவங்க சிரிச்சதுகூடப் பரவாயில்லீங்க டீச்சர். நீங்க பாத்துக்கிட்டே நின்னீங்க."

டீச்சர் இன்னொரு முறை போனபோது அவள் தறிக் கொட்டகைக்குள் போய்விட்டாள். மூன்றாம் முறை போனபோது, பெரியம்மா ஊரில் மில் வேலைக்குச் சேர்த்துவிட்டதாக வசந்தாமணி சொன்னாள்.

வகுப்பு அடங்கிவிட்டது. பீரியடுகள் தடங்கலின்றி நடந்தன. மதிய இடைவேளையில் டீச்சர் ஒவ்வொருத்தியாக அழைத்து, மற்றவர் காதில் விழாமல் வாசிக்கவைத்துப் பார்த்தார். பதினோரு பேருக்கு எழுத்துக் கூட்டவே வரவில்லை. தினமும் சோற்றை அவசரமாக விழுங்கிவிட்டு அவர்களோடு உட்கார்ந்தார். மார்ச்சுக்குள் ஆறு பேர் ஒரு பக்கம் வாசித்தார்கள். காளிதாஸ் எல்லார் முன்னாலும் பாராட்டினார். டீச்சர் நிமிரவில்லை.

பள்ளியை விட்டு நின்றவர்களின் விவரத்தை அந்த மாதமே கணினியில் ஏற்றவேண்டியிருந்தது. ரஞ்சனியின் பெயருக்கு நேரே, காரணம் என்ற இடத்தில் நான்கு பதில்கள் இருந்தன: வறுமை, உடல்நலம், இடம்பெயர்வு, படிப்பில் விருப்பமின்மை. லிடியா டீச்சர் அந்த வரிசையை மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்தார். அவர் தேடியது அதில் இல்லை. கடைசியில் இருந்ததை அழுத்திவிட்டு, சாக்பீஸை எடுத்துக்கொண்டு ஐந்தாவது பீரியடுக்குப் போனார்.