நாற்பத்தேழாவது குறை

என் வீட்டுக்காரர் லிஃப்ட் பரிசோதகர். கட்டடம் கட்டடமாகப் போய், கயிறு தேய்ந்திருக்கிறது, கதவு சரியாக மூடவில்லை என்று குறை எழுதிக் கையெழுத்துப் போடுவது வேலை. முப்பது வருடத்தில் ஒரு லிஃப்டையும் சும்மா விட்டதில்லை என்று பீற்றிக்கொள்வார். வீட்டிலும் அதே பரிசோதனைதான். நான் துவைத்த சட்டையும் தப்பாது, மகள் வரைந்த படமும் தப்பாது.

அவர் குறை சொல்லாத பொருள் ஒன்றே ஒன்று உண்டு. சின்ன வயதில் காலை உடைத்துக்கொண்டு ஆறு மாதம் கட்டோடு கிடந்தபோது, அவருடைய அக்கா படித்துக்காட்டிய மாயாஜால நாவல். பறக்கும் கோட்டை, அதில் ஓர் இளவரசன், வாசலில் ஒரு நொண்டிக் காவல்காரன். கோட்டை இடியும்போது பறந்து தப்பிய இளவரசன், காவல்காரனுக்காகத் திரும்பி வந்து முதுகில் தூக்கிக்கொண்டு போவானாம். அந்தக் கடைசி அத்தியாயம்தான் தன்னை மனுஷனாக்கியது என்பார். ஆக்கிய லட்சணத்தைத்தான் நான் தினமும் பார்க்கிறேனே.

அந்த அக்காவோடு இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. மகள் ஓவியம் படிக்கட்டும் என்று நாத்தனார் ஒரு வார்த்தை சொன்னார். உடனே இவர் எல்லோர் முன்னாலும், "எட்டாவதோட நின்ன உனக்குப் படிப்பைப் பத்தி என்ன தெரியும்?" என்றார். நாத்தனார் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனவர்தான், அப்புறம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. எங்கள் வீட்டில் வாய்விட்டுச் சிரிக்கிற ஒரே ஆள் அவர். அவர் திரும்பி வரவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை.

போன மாதம் மகள் அந்த நாவலின் புதுப் பதிப்பை வாங்கி வந்தாள். இவர் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தார். பழக்க தோஷம். ஏழாயிரம் படி, ஒரு கைப்பிடி கிடையாது. கோட்டையின் எடை குறிப்பிடப்படவில்லை. இளவரசன் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. இப்படி ஓரத்தில் எண் போட்டு எழுதி, மதியத்துக்குள் நாற்பத்தாறு குறை கண்டுபிடித்துவிட்டார். இந்தக் குப்பையையா வாயைப் பிளந்துகொண்டு கேட்டோம் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

நாற்பத்தேழாவது குறை, கடைசி அத்தியாயத்தையே காணோம். புத்தகத்தில் இளவரசன் பறந்து போகிறான், காவல்காரன் அரை வரியில் இடிபாட்டுக்குள் போய்விடுகிறான். பதினைந்து நாளுக்குள் நிவர்த்தி செய்யவும் என்று பதிப்பகத்துக்கே கடிதம் போட்டார் மகானுபாவர். முதல் பதிப்பிலிருந்து முடிவு இதுதான் என்று பதில் வந்தது. திருட்டுக் கூட்டம் என்று குதித்தார். பழைய பிரதி அக்காவிடம் இருக்கும், போய் ஆதாரத்தை வாங்கி வா என்று என்னை ஏவினார்.

"வேணும்னா நீங்களே வந்து கேளுங்க. கூட வரேன்" என்றேன்.

நாங்கள் போனபோது நாத்தனார் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். கேட்டதும் உள்ளே போய்ப் பழைய பிரதியைக் கொண்டுவந்து இவர் மடியில் போட்டார். கோட்டை இடியத் தொடங்குவதோடு புத்தகம் முடிந்திருந்தது.

"கடைசிப் பக்கமெல்லாம் வாங்கறப்பவே கிழிஞ்சிருந்துச்சு. அந்த நொண்டி என்ன ஆனான்னு உன் காலைப் பாத்துப் பாத்து அழுதே. நானாத்தான் ஒரு முடிவு கட்டிச் சொன்னேன்."

இவர்களுடைய அம்மா வேலைக்குப் போக, இவரைப் பார்த்துக்கொள்ளத்தான் நாத்தனார் அந்த ஆறு மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை. பிறகு போகவே முடியவில்லை. அப்போது எட்டாம் வகுப்பு. இது இவருக்குத் தெரியாததில்லை. தன் பக்கத்துக் குறையை எழுதிப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

இவர் கிழிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "அக்கா, அந்த முடிவை இன்னொரு தடவை சொல்லேன்" என்றார். எனக்குப் பாவமாக இல்லை, திருப்தியாக இருந்தது.

"எட்டாவதோட நின்னவளுக்கு என்னடா தெரியும்?"

நாத்தனார் பட்டாணிக் கூடையை இவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"நாங்க போய்ப் பிள்ளையைப் பாக்கறோம். நீ இதை உரிச்சு முடிச்சுட்டு வா. திரும்பி வந்து யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. கால் நல்லாத்தானே இருக்கு, நடந்தே வா."