அடுப்பு மூட்டுமுன் ஒரு பெயர்

அடுப்பு மூட்டுமுன் வீரம்மா வாசலைப் பார்த்து, "அய்யாவு" என்று ஒரு தரம் சொல்வாள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீடுகளில் பாத்திரம் துலக்கிப் பிழைத்த பதினாறு வருஷமும் இது தப்பியதில்லை. தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் பெயர் வாசித்து ஆள் கூப்பிடுவதுபோல் இருக்கும். அது புருஷன் பெயர் என்று தெரிந்தவர்கள் முகம் சுளித்தார்கள்.

அவன் உயிரோடு இருந்தவரை அவள் அதைச் சொன்னதே இல்லை. சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்பினாள். யாராவது அவன் பெயரைக் கேட்டால் பக்கத்து வீட்டு இராஜம்மாதான் முந்திக்கொள்வாள்.

"அய்யாவுன்னு எழுதிக்குங்க சாமி. இவ வாயைத் திறந்தா முத்து கொட்டிருமாம்!"

1918 ஐப்பசியில், அவர்கள் வேலை செய்த கிள்ளான் ரப்பர் தோட்டத்தில் விஷக்காய்ச்சல் புகுந்தது. பத்து நாளில் கூலிகள் குடியிருந்த லயமே படுத்துவிட்டது. மரம் சீவ ஆளில்லை. கணக்கு எழுதும் பழைய கிராணியும் விழுந்துவிட, புதிதாக வந்த கனகசபை மூக்கில் துணி கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்ற வீடு வீடாக ஆள் எழுதினார்.

"உள்ளே கிடக்கிறது ஆர்?"

"எங்க வீட்டு ஆளுங்க."

"ஆள் எண்டு எழுதினா டொக்டர் என்னைத்தான் கட்டில்ல போடுவார். பேரைச் சொல்லும்."

வீரம்மா ஓடிப்போய் இராஜம்மாவை உலுக்கினாள். அவளுக்கு நினைவில்லை. திரும்பி வந்து தலைகுனிந்து நின்றாள். உள்ளே அவன் இருமுவது கேட்டது. இந்த நேரத்திலா அவன் ஆயுசில் கை வைப்பது?

"நாளைக்கு வாறன். ஆரிட்டையாவது கேட்டு வையும்" என்று கிராணி அடுத்த கதவுக்குப் போனார்.

சாயங்காலம் அய்யாவு, "ஊருல அம்மாவுக்கு ஒரு கடுதாசி போடச் சொல்லு. தேடும்" என்றான். விடிந்தபோது அவன் இல்லை. தூக்க வந்தவர்களிடம், யாரும் கேட்காமலே, "அய்யாவு" என்றாள்.

வண்டியில் போனவர்களிலும் பாதிப்பேர் திரும்பவில்லை. மற்றவர்கள் அதைச் சொல்லித் தேற்றினார்கள். வீரம்மாவோ திரும்பி வந்த பாதிப்பேரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷம் கழித்து, பிரிக்பீல்ட்ஸுக்குப் பிழைக்க வந்தபின், அங்கே கடுதாசி எழுதும் பழனியப்பனிடம் போய் உட்கார்ந்தாள். 'உங்கள் மகன் அய்யாவு' என்பது வரை எழுதிவிட்டு அவர் நிமிர்ந்தார்.

"காய்ச்சல்னா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலையாக்கா? பெத்தவ கேப்பாளே."

அவள் பேனா முனையையே பார்த்தாள்.

"இருங்கண்ணே. நாளைக்கு வந்து சொல்றேன்."

பாசாரில் காய் வாங்கும்போது கண்டால் பழனியப்பன் விடமாட்டார். "அக்கா, உங்க கடுதாசி பாதியில நிக்குது!" அவள் தலையாட்டிவிட்டுப் போவாள்.

1936இல் வீரம்மா இறந்தாள். அய்யாவு கேட்ட கடுதாசி அப்போதும் போய்ச் சேரவில்லை.