சைரன் பொய் சொல்லுமா?

ஆம்புலன்ஸ் டிரைவருக்கு ரெண்டு வேலை: வண்டி ஓட்டுறது ஒண்ணு, போற எடமெல்லாம் "இன்னைக்கு எத்தனை கேஸு?"ன்னு கேக்குறவங்களுக்குப் பதில் சொல்றது இன்னொண்ணு. முதல் வேலைக்கு மட்டும்தான் சம்பளம்.

கொரோனா ரெண்டாவது அலை ஏறிக்கிட்டிருந்த சமயம். டிவியில ஒரு எண்ணிக்கை, வாட்ஸப்புல ஒண்ணு, எதிர் வூட்டுக்காரர் வாயில ஒண்ணு. எதை நம்புறதுன்னு நீங்களும் மண்டையப் பிச்சுக்கிட்டவங்கதானே? அப்ப என் பாடு உங்களுக்குப் புரியும். எனக்கும் ஒண்ணும் தெரியாது சாமி! வண்டிக்குப் பின்னாடி படுத்திருக்கிற ஒருத்தரைப் பத்தி மட்டும்தான் எனக்குத் தெரியும்.

முருகேசு கணக்கு

அரூர்ல எங்க வண்டி நிக்கிற எடத்துக்கு எதிர்ல முருகேசுவோட டீக்கடை. ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப்போட்ட மக கல்யாணத்தை எப்ப வைக்கிறதுன்னு மனுசன் தவிச்சுக்கிட்டிருந்தாரு. கல்யாணத்துக்குன்னு அரசாங்கம் விட்டது அம்பது பேருதான். அவரு மனசுல இருந்ததோ அரூர் மொத்தமும். "கொரோனா கொறையட்டுங்க, மண்டபம் நெறைய வச்சுடறேன்"ம்பாரு. கொறஞ்சுதா இல்லையான்னு எப்படித் தெரியும்? எங்க சைரன் எத்தனை தடவை கேக்குதுன்னு எண்ணுவாரு. அதுதான் அவரோட புள்ளிவிவரம்.

ஒருநாள், "இன்னைக்கு நாலு பேருங்களா?"ன்னாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "ஏங்க முருகேசு, ஒரே ஆளுங்க! ஒரு ஆஸ்பத்திரியில எடமில்லைன்னு இன்னொண்ணுக்குப் போனேன். அங்கயும் இல்லைன்னு இதே ரோட்டுல அவரையே வச்சுக்கிட்டு மேலயும் கீழயும் அலைஞ்சேன். அதைப் போயி நாலுங்கறீங்களே! சைரனை நம்பி கல்யாணத்துக்கு நாள் குறிக்காதீங்க"ன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். அவரு டீயை ஆத்திக்கிட்டே சொன்னாரு:

"டிவிக்காரன் பொய் சொல்லுவான், அதிகாரிங்க பொய் சொல்லுவாங்க. உங்க சைரன் பொய் சொல்லுமாங்க டிரைவரே?"

சொந்தக்காரங்க மாதிரி

மொரப்பூர் பக்கம் ஒரு கிராமம். போன்லயே, "சைரன் போடாம வாங்க, ஊருக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்"னு கெஞ்சுனாங்க. சரின்னு போனா, எதிர்ல வந்த டிராக்டர்காரன் வழி விட மாட்டேங்கறான். "சைரன் இல்லையே, காலி வண்டிதானே, நீ பின்னால போ"ன்னான். அவன்கிட்ட மல்லுக்கட்டி உள்ள போய்ச் சேர்றதுக்குள்ள எனக்கே மூச்சு வாங்கிடுச்சு.

வாசல்ல அந்த வூட்டு மருமக வழி மறிச்சு நிக்குது. மாமனாருக்கு வெறும் சளிதானாம். அந்தச் சளிக்கு அவரு நாலு வார்த்தை சேந்தாப்புல பேச முடியாம நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு! எங்க வண்டி நர்சு செல்வி, தலையிலருந்து கால் வரைக்கும் கவச உடுப்பு போட்டுக்கிட்டு எறங்குச்சு. பக்கத்து வூட்டு ஜன்னலைப் பாத்துக்கிட்டே அந்தம்மா காதோட காதா செல்விகிட்ட சொல்லுச்சு:

"அந்தப் பிளாஸ்டிக்கைக் கழட்டிட்டு, ஊர் நோம்பிக்கு வந்த சொந்தக்காரங்க மாதிரி சிரிச்சுக்கிட்டே உள்ள வாங்களேன், புண்ணியமாப் போவும்."

பச்சை கலர்

பெரிய ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு பையன் வாட்ச்மேனோட சண்டை. கம்ப்யூட்டர் படிச்ச புள்ள. அவங்கப்பா என் வண்டியில. போனை நீட்டி நீட்டிக் காட்டுறான்: "பெட் காலின்னு பச்சையாக் காட்டுது பாருங்க! யாருக்கோ ஒதுக்கி வச்சுட்டு எங்களை ஏமாத்துறீங்க!" அவன் கோவத்துலயும் தப்பில்ல. காலையில யாரோ பதிஞ்சது அது, மதியத்துக்குள்ள நெறைஞ்சிடுச்சு. வாட்ச்மேனும் மாஸ்க்கோட வெயில்ல நின்னு, எல்லார்கிட்டயும் திட்டு வாங்கி வெந்து போயிருந்தாரு. அந்தப் போனையே கைகாட்டிச் சொன்னாரு:

"தம்பி, அது காலின்னா, உங்கப்பாவ அதுலயே படுக்க வைப்பா!"

ஒரு பெட்டு

அப்புறம் ஒரு வாரம். காலையில ஒருத்தரை ஏத்திக்கிட்டுப் போனா, ஆஸ்பத்திரி வாசல்லயே வண்டி நிக்கும். முன்னாடி ஆம்புலன்ஸ், பின்னாடி ஆம்புலன்ஸ், கல்யாண வூட்டுப் பந்தி மாதிரி வரிசை. சாயங்காலம் வரைக்கும் ஒரே எடம். நின்ன வண்டி எதுக்கு சைரன் போடும்?

கம்பைநல்லூர் பக்கத்து விவசாயி ஆரோக்கியசாமி அப்படித்தான் வண்டியிலயே கெடந்தாரு. அவரு சம்சாரம் சகாயமேரி, ஜெபமாலையை உருட்டுறதும் ஆக்சிஜன் சிலிண்டர் முள்ளைப் பாக்குறதுமா இருந்துச்சு. செல்வி ஓடி ஓடிப் போய் இன்னொரு சிலிண்டர் வாங்கிட்டு வந்துச்சு. பொழுது சாயுற நேரத்துல, "ஒரு பெட் இருக்கு, வாங்க"ன்னாங்க. நான் "அப்பாடா!"ன்னு கத்தியே புட்டேன். ஸ்ட்ரெச்சரோட ஓடுன சகாயமேரி சட்டுனு நின்னு, செல்வி கையப் புடிச்சுக்கிச்சு:

"ஏம்மா, அந்தப் பெட்டுல இருந்தவரு நல்லாகி வூட்டுக்குத்தானே போனாரு?"

கொறஞ்சிடுச்சு

செல்வி ஸ்ட்ரெச்சரை உள்ள தள்ளி விட்டுட்டு, காலி சிலிண்டரோட வந்து வண்டியில ஏறிக்கிச்சு. அரூர் வந்து வண்டிய நிறுத்துனா, முருகேசு பல்லெல்லாம் தெரிய ஓடி வர்றாரு. கையில கல்யாணப் பத்திரிகைக் கட்டு, மேல மஞ்சள் தடவி.

"ஒரு வாரமா உங்க சத்தமே காணோமுங்க! போறப்ப ஒரு தடவை, அதோட சரி. கொறஞ்சிடுச்சு! வர்ற முகூர்த்தத்துலயே வச்சுட்டேன், மண்டபம் பேசியாச்சு. குடும்பத்தோட வந்துடணும்"னு எனக்கு ஒண்ணு நீட்டுனாரு.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. அவரு மக நான் தூக்கிக் கொஞ்சின புள்ள. அது கல்யாணத்துக்கு வந்தவங்களை நான் ஒவ்வொருத்தரா ஏத்திக்கிட்டுப் போகவா? எடுத்துச் சொன்னா காதுல ஏறாதுன்னு தெரியும். காலி வண்டியில சைரன் போடக் கூடாது. ஏறி உக்காந்து போட்டேன். கடைத்தெருவே எட்டிப் பாக்குற வரைக்கும் அலற விட்டேன்.

"யாருக்குங்க? உள்ள யாருமே இல்லீங்களே!"ன்னு முருகேசு பதறுனாரு.

"வாரம் பூரா வாசல்ல நின்னவங்களுக்குங்க! எடம் கெடைக்காம நின்னோம், அதான் சத்தம் இல்ல. கணக்குல சேத்துக்கங்க"ன்னு கத்துனேன். கண்ணு கலங்கிடுச்சு எனக்கு. அவரு என் மூஞ்சியப் பாத்தாரு, வண்டியப் பாத்தாரு. மெதுவா என் கையிலருந்த பத்திரிகையத் திரும்ப வாங்கிக் கட்டுக்குள்ள சொருகிக்கிட்டாரு.

"மறுபடியும் தள்ளிப்போட்டுட்டேன்னு மாப்ள வூட்ல சண்டைக்கு வந்தா, உங்களைத்தான் கைகாட்டுவேன் டிரைவரே, பாத்துக்கங்க."

சைரன் போட்டா மானம் போச்சுன்னாங்க, போடாம நின்னா நோயே போச்சுன்னாங்க. ஏன் நிக்கிறீங்கன்னு கேக்கத்தான் ஒரு ஆளு இல்ல.