ஊசியக்காவின் ‘ம்’

ரத்தம் எடுக்கிற வேலையில் ஊசி குத்துவது பெரிய விஷயமே இல்லை. முகத்தை வைத்துக்கொள்வதுதான் பெரிய விஷயம். குழாயில் ரத்தம் ஏறும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர் ரத்தத்தைப் பார்க்கமாட்டார், எடுப்பவளின் முகத்தைத்தான் பார்ப்பார். புருவம் அரை அங்குலம் ஏறினால் போதும், வீடு போய்ச் சேர்வதற்குள் தனக்கு இன்ன வியாதி என்று தானே முடிவுகட்டி, தான் போனபிறகு பெரிய மகன் வீட்டை விற்றுவிடுவானே என்று கவலைப்படுகிற அளவுக்குப் போய்விடுவார். அதனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்: முகத்தில் ஒன்றும் இருக்கக்கூடாது.

ஊசியக்கா இதில் கைதேர்ந்தவள். ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் வைத்த பெயர் அது. சொந்தப் பெயரில் அவளை அம்மாவைத் தவிர யாரும் கூப்பிடுவதில்லை. பத்தொன்பது வருடமாக அதே லேப், அதே ஜன்னலோர நாற்காலி. காலை ஆறரைக்கெல்லாம் வெறும் வயிற்றோடு வரிசை கட்டி நிற்பவர்களைப் பார்த்து, “சாவு பயம்னு ஒண்ணு இல்லைன்னா நாமெல்லாம் கடையை இழுத்துப் பூட்டிட்டுப் போகவேண்டியதுதான்” என்று கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்வாள். வருகிறவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே முகம்தான் காட்டினாள், ஒருவனைத் தவிர.

அந்த ஒருவனைச் சாவிக்காரன் என்றுதான் சொல்லவேண்டும். மூன்றாவது மாடியில் இருந்த ஒரு தையல் கம்பெனியில் மேனேஜராக இருந்தான். இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து தொங்கும், அதனால் அந்தப் பெயர். துணி வெளியே போய்விடக்கூடாது என்று பின்படிக்கட்டுக் கதவை வேலை நேரம் முழுக்க வெளிப்பக்கமாகப் பூட்டி வைப்பது அங்கே வழக்கம். பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு மதியம் இஸ்திரி மேஜையில் தீப்பிடித்தது. முன்வாசல் பக்கம் இருந்தவர்கள் ஓடிப் பிழைத்தார்கள். பின்பக்கம் தைத்துக்கொண்டிருந்த மூன்று பெண்கள் பூட்டின கதவை நோக்கி ஓடினார்கள். அதில் ஒருத்தி ஊசியக்காவின் தங்கை, வீட்டில் சின்னவள்.

விசாரணையில் சாவிக்காரன் கூசாமல் சொன்னான்: “கதவு திறந்துதான் இருந்தது. பையை எடுக்கணும்னு அதுங்க மூணும் திரும்ப உள்ளே ஓடிச்சு. நான் கத்தினேன், கேட்கலை.” அவ்வளவுதான், எழுதிக்கொண்டார்கள், முடிந்தது. பின்படிக்கட்டுக்கு நேரே கடை வைத்திருந்த எதிர்க்கடைக்காரர் ஒருவர் மட்டும் ஒரு நாள் ஊசியக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, சாவிக்காரன் கதவுக்கு வெளியே கையில் சாவியோடு நின்றதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். முதலாளி உத்தரவு இல்லாமல் திறக்கக்கூடாதாம். போன் பண்ணிக்கொண்டே நின்றானாம். முதலாளி போனை எடுக்கவில்லையாம். “இதை நான் எங்கேயும் வந்து சொல்லமாட்டேன்மா, எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு” என்றும் அவரே சொல்லிவிட்டார்.

இதை ஊசியக்கா அம்மாவிடம் நூறு தடவை சொல்லிப் பார்த்தாள். அம்மா நம்பவில்லை. காகிதத்தில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்ததை விட்டு, எவரோ காதோடு சொன்னதை எப்படி நம்புவது? அதைவிட, சின்னவளுக்குப் பைகள் என்றால் பைத்தியம்தான். அதனால் அந்தப் பொய் அம்மாவுக்குள் பொருத்தமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. பதினொரு வருடமாகச் சோற்றில் கைவைக்கும்போதெல்லாம், “ஒரு பைக்காக உசிரை விட்டாளே, அறிவுகெட்டவ” என்று செத்துப்போன மகளைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டாள். மகளுக்காக ஒருநாள் முழுசாக அழுதது கிடையாது, கோபம் அழவிடவில்லை. ஊசியக்காவுக்குச் சாவிக்காரன் மேல் இருந்த ஆத்திரத்தில் பாதி இதற்காகத்தான். உயிரை எடுத்ததும் போதாமல், செத்தவளை அம்மாவின் வாயாலேயே திட்டவும் வைத்துவிட்டான்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் அவனே லேபுக்கு வந்து அவள் முன்னால் கையை நீட்டினான். அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. விசாரணை நடந்த நாட்களில் செத்தவர்களின் குடும்பம் உட்கார்ந்திருந்த பக்கம் அவன் திரும்பிக்கூடப் பார்த்தவனில்லை, எப்படித் தெரியும்? தலை நரைத்து, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, பிள்ளைகள் வெளிநாட்டில், மனைவி போய்ச் சேர்ந்து, தனியாக இருந்தான். ஊசியைப் பார்த்ததும் அவன் கை நடுங்கியது. ஓஹோ, உனக்கும் பயமா என்று நினைத்தாள் ஊசியக்கா. அன்றைக்கு ரத்தக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு தடவை சாய்த்துப் பார்த்து, அடித்தொண்டையில் “ம்” என்றாள்.

வேறொன்றும் சொல்லவில்லை. பொய்யாக ஒரு வார்த்தை பேசவில்லை. ரிப்போர்ட்டில் ஒரு புள்ளியைக்கூட மாற்றியதில்லை, அந்த விஷயத்தில் அவள் யோக்கியமானவள். அந்த ‘ம்’ மட்டும்தான்.

“என்னம்மா, ஏதாவது இருக்கா?” என்றான்.

“அதெல்லாம் டாக்டர் சொல்வார் சார். பிள்ளைங்கல்லாம் அடிக்கடி வந்து பார்த்துட்டுப் போறாங்களா?”

அடுத்த மாதமும் வந்தான். அதற்கடுத்த மாதமும். ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லச் சொல்ல, “அப்புறம் ஏன் அந்தம்மா அப்படிப் பார்க்குறாங்க” என்று அவன் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஊசியக்கா அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தாள். ஒரு மாதம் ‘ம்’. ஒரு மாதம் கையை விடுவதற்கு முன்னால் லேசாக ஒரு தட்டு, துக்க வீட்டில் தட்டுவார்களே, அப்படி. ஒரு மாதம், “உங்க வயசு என்ன சார்?” என்று கேட்டுவிட்டு, “ஐயோ, அவ்வளவுதானா” என்றாள். பெரிய ஆஸ்பத்திரியில் இதைவிட நல்ல வேலை ஒன்று தேடி வந்தது. போகவில்லை. கல்யாணப் பேச்சு வந்ததையும் தட்டிக்கழித்தாள். மாதத்தின் முதல் திங்கட்கிழமை அவன் வருவான், அதற்காகவே அவள் உயிரோடு இருந்தாள் என்று சொன்னால் அது மிகையில்லை. அவளுக்கும் ஒரு சாவு பயம் இருந்தது: இவனுக்கு முன்னால் தான் போய்விடக்கூடாது.

ஆனால் கூத்து என்னவென்றால், பயம் சாவிக்காரனைப் படுத்த படுக்கையாக ஆக்குவதற்குப் பதிலாக எழுப்பி நடக்கவிட்டது. சிகரெட்டை விட்டான். சர்க்கரையை விட்டான். விடியற்காலையில் பூங்காவை எட்டுச் சுற்று சுற்றினான். தொப்பை போய்க் கன்னத்தில் களை வந்தது. “உங்களாலதாம்மா எனக்குப் புத்தி வந்துச்சு” என்று ஒரு நாள் வாய் நிறையச் சொன்னபோது ஊசியக்காவுக்கு வயிறு எரிந்தது. பழிவாங்கப் போய் பத்து வருட ஆயுளைத் தூக்கிக் கொடுத்துவிட்டாளே.

போன மாதம்தான் கடைசி அடி விழுந்தது. ஒரு பெரிய இதய டாக்டர் அவனைத் தலைமுதல் கால்வரை பார்த்துவிட்டு, “உங்களுக்கு ஒண்ணுமில்லை, அந்தம்மா மூஞ்சியே அப்படித்தான் போலிருக்கு, விடுங்க” என்று சிரித்தாராம். இந்தத் திங்கட்கிழமை சாவிக்காரன் விசில் அடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். கை நடுங்கவில்லை.

“உப்பையே விட்டுட்டேன் தெரியுமா?” என்றான். “மருந்துக்கடையில மாத்து உப்பு விக்கிறாங்களே, அதுதான் எல்லாத்துலயும். தாராளமாப் போட்டுக்கறேன், அதுல கெடுதல் இல்லையே! காலைல நாலு ஆரஞ்சுச் சாறு. என்ன, ரெண்டு நாளா காலு மட்டும் கொஞ்சம் கனமா இருக்கு. நடந்த களைப்பு.”

அவள் குழாயைத் தூக்கிப் பிடித்தாள். “ம்” என்றாள்.

“உங்க மூஞ்சியைப் பார்த்து நான் ஏமாந்த காலமெல்லாம் போச்சும்மா” என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

பத்து இருபதுக்கு இயந்திரம் எண்களைத் துப்பியது. பொட்டாசியம் ஏழு புள்ளி இரண்டு. ஐந்துக்குள் இருக்கவேண்டியது; ஏழைத் தாண்டினால் இதயம் எந்த நிமிடமும் நின்றுபோகலாம். ஊசி சரியாகக் குத்தாமல் ரத்த அணுக்கள் உடைந்தாலும் எண் பொய்யாக ஏறும், ஆனால் அப்போது குழாயில் மேலே தெளிந்து நிற்கும் நீர் சிவந்திருக்கும். சிவக்கவில்லை. மறுபடி போட்டுப் பார்த்தாள், அதே எண். அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த மாற்று உப்பு முழுக்கப் பொட்டாசியம். இவன் சாப்பிடுகிற மாதிரி ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவன் தொடவே கூடாதது. சாவுக்குப் பயந்து சாவையே கரண்டி கரண்டியாகத் தின்றிருக்கிறான்.

ஒரு நிமிடம் அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. மறைப்பானேன்.

இப்படி எண் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆளைப் போனில் பிடித்துச் சொல்லி, நோட்டில் எழுதவேண்டும். பிடிக்க முடியாவிட்டால் அதையும் எழுதலாம். யாரும் துருவிக் கேட்கப்போவதில்லை. ஊசியக்கா நோட்டைத் திறந்தாள். ‘மூன்று முறை அழைத்தேன், போனை எடுக்கவில்லை’ என்று எழுதப் பேனாவை வைத்தவள், அந்த வாக்கியத்தை எங்கே கேட்டோம் என்று யோசித்து, எதிர்க்கடைக்காரர் சொன்னது ஞாபகம் வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கடிகாரம் பதினொன்றைத் தாண்டியது.

இரக்கம் வந்தது என்று யாரும் நினைத்துவிடவேண்டாம். அவளுக்கு வந்தது வேறு கணக்கு. செத்தவன் எதையும் ஒத்துக்கொள்ளமாட்டான். இவன் இன்றைக்கு விழுந்தால், கதவைப் பற்றி அம்மா நம்பும்படி சொல்லக்கூடிய ஒரே வாயும் மூடிக்கொள்ளும். பை கதைதான் உலகத்தில் மிஞ்சும். அம்மா தன் கடைசி நாள்வரைக்கும் மகளைத் திட்டிக்கொண்டே இருப்பாள். அவ்வளவு சுலபமாக உன்னைப் போகவிடுவேனா என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனை எடுத்தாள்.

“சார், லேப்லேருந்து பேசறேன். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. உங்க இதயம் நின்னுடலாம்.”

சாவிக்காரன் சிரித்தான். “வேற ஆளைப் பாரும்மா.”

“சார், இது விளையாட்டில்லை.”

“நாலு வருஷமா இதைத்தானே பண்றீங்க?”

“ஆமா” என்றாள் ஊசியக்கா. “நாலு வருஷமா வேணும்னேதான் பண்ணினேன். உனக்கு ஒரு வியாதியும் இல்லை. நீ நடுங்கணும்னுதான் பண்ணினேன். பின்கதவுல செத்தாளே, கடைசி மிஷின்ல தைச்சவ, அவளோட அக்கா நான்.”

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது.

“இன்னிக்கு வந்திருக்கிறது நிஜம். நீ திங்கற மாத்து உப்பு உன்னைக் கொல்லுது. காலு கனக்குதுன்னு சொன்னியே, அதுதான். உன்னை நான் எவ்வளவு வெறுக்கறேன்னு உனக்கு இப்போ தெரியும். நீ சாகணும்னு நினைச்சிருந்தா, பேசாம இருந்திருப்பேன். எனக்கு நீ உயிரோட வேணும். எங்கம்மா முன்னாடி வந்து உட்கார்ந்து நடந்ததைச் சொல்ல உனக்கு வாய் வேணும்.”

அவன் நம்பினான். இவ்வளவு வெறுப்போடு ஒருத்தி பொய் சொல்லமாட்டாள் என்று அவனுக்குத் தோன்றியிருக்கவேண்டும். “நான்... நான் செத்துடுவேனா?” என்றான், தேம்பித் தேம்பி.

“அழுகையெல்லாம் அப்புறம். மொதல்ல ஆம்புலன்ஸைக் கூப்பிடு. கதவைத் திறந்து வை.”

ஆஸ்பத்திரியில் அவனை ஆறு நாள் வைத்திருந்தார்கள். அரை மணி நேரம் தாமதித்திருந்தால் கதை முடிந்திருக்கும் என்றார்களாம். ஏழாவது நாள் ஊசியக்கா வாசலிலேயே காத்திருந்து, அவனை ஒரு வண்டியில் ஏற்றி நேரே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். தப்பித்து ஓட அவனுக்குத் தெம்பும் இல்லை, தைரியமும் இல்லை.

அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எதிரே நாற்காலியில் அவனை உட்காரவைத்துவிட்டு ஊசியக்கா சுவரோரம் நின்றுகொண்டாள்.

“கதவு பூட்டித்தாம்மா இருந்துச்சு” என்றான் தரையைப் பார்த்து. “சாவி என் கையிலதான் இருந்துச்சு. கேட்காம திறந்தா வேலை போயிடும்னு முதலாளிக்குப் போன் பண்ணிக்கிட்டே நின்னேன். அப்புறம் புகை வந்துச்சு. கதவைத் திறந்தா தீ என் மேல பாஞ்சுடும்னு பயந்துட்டேன். ஓடிட்டேன். பைன்னு சொன்னது நானா சொன்னது. உங்க பொண்ணு எதையும் எடுக்கப் போகலை.”

“தட்டினாளா?” என்றாள் அம்மா.

“தட்டினா. ‘அண்ணே திறங்க, அண்ணே திறங்க’ன்னா. ரொம்ப நேரம்.”

“அப்புறம்?”

அவன் ஊசியக்காவைப் பார்த்தான். அவள் அசையவில்லை.

“அப்புறம் என்னைக் கூப்பிடறதை விட்டுட்டா. அம்மா அம்மான்னு கூப்பிட்டா.”

பதினொரு வருடமாக வராத அழுகை அப்போதுதான் அம்மாவுக்கு வந்தது. உடம்பே குலுங்க அழுதாள். “என் கண்ணு, உன்னைப் போய்த் திட்டினேனே, உன்னைப் போய்த் திட்டினேனே” என்று மார்பில் அடித்துக்கொண்டாள். ஊசியக்கா போய்க் கையைப் பிடித்தாள். வெகுநேரம் கழித்து அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

“மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடறியா?”

“சாப்பிடறேம்மா.”

“விடாம சாப்பிடு. நடக்கறியாமே, நட. நீ நூறு வயசு வரைக்கும் இருக்கணும். நல்ல காதோட இருக்கணும், அவ தட்டினது உனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கணும்.”

அவன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தான்.

“உட்காரு” என்றாள் அம்மா. “இன்னொரு தடவை முதல்லேருந்து சொல்லு.”