212-ஆம் வரியில் லூசியம்மாள்

செம்பூர்வாசி தனசீலன் 1964 முதல் பம்பாயின் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் கம்ப்யூட்டருக்கு நூலகராக இருந்தார். அந்த நூலகத்தில் ஒரு புத்தகமும் கிடையாது. ஓர் இரும்பு பீரோ. அதற்குள் ரப்பர் பேண்டு போட்ட துளையட்டைக் கட்டுகள். ஒவ்வொரு கட்டும் ஒரு புரோகிராம். விஞ்ஞானிகள் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம். திருப்பி வைக்க மறக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு.

ஒரு கட்டு தனசீலனே எழுதியது. ஆங்கில எழுத்துகளை வரிக்கு நான்காகத் தலைகால் இல்லாமல் உருட்டித் தரும். மற்ற புரோகிராம்களைச் சோதிக்க இந்தப் பிதற்றல் தேவைப்பட்டது. பிதற்றத் தொடங்க இயந்திரத்துக்கு ஓர் ஆரம்ப எண் வேண்டும், ஒற்றைப்படையாக. அதை எழுதிய மாதம்தான் அவர் மனைவி லூசியம்மாள் இறந்திருந்தாள். அப்போது அவருக்கு நினைவிருந்த ஒற்றைப்படை எண் ஒன்றே ஒன்று: அவள் கல்லறை எண், 1147.

முதல் தாளிலேயே 212-ஆம் வரியில் ‘லூசி’ என்று ஆங்கிலத்தில் நான்கு எழுத்து விழுந்தது. நாலரை லட்சம் வரிக்கு ஒருமுறை இப்படி நேரலாம் என்பது கணக்கு. ஆகவே பேய் என்று சொல்ல இடமில்லை. அடுத்த வரி க்யூ, டி, பி, எக்ஸ். அதற்கு என்ன அர்த்தம் என்று தனசீலன் நெடுநாள் யோசித்தார். உயிரோடிருந்தபோதும் அவள் சொன்னதில் பாதி அவருக்குப் புரிந்ததில்லை.

ஆரம்ப எண் மாறாததால், ஓட்டும்போதெல்லாம் அவள் அதே வரிக்கு வந்தாள். தினமும் காலையில் ஒருமுறை ஓட்டிவிட்டுப் பதிவேட்டில் ‘சோதனை’ என்று எழுதுவார்.

1966 கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தியோடு போனால், 1147-இல் வேறு யாரோ படுத்திருந்தார்.

“ரெண்டு வருசந்தான் தவணை அண்ணாச்சி,” என்றார் கல்லறைத் தோட்டம் பார்க்கும் இன்னாசிமுத்து. “எலும்பைப் பொதுக் கெணத்துல சேத்தாச்சு. பம்பாயில உசிரோட இருக்கவனுக்கே குடியிருக்க ஒரு கோலி கிடைக்கல.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா.”

“போர்டுல ஒட்டியிருந்துச்சே. நீங்கதான படிச்சவுக.”

மெழுகுவர்த்தியைப் புதியவருக்கே ஏற்றிவிட்டுத் திரும்பினார். லூசியம்மாளுக்கு இனி மிஞ்சிய விலாசம் அந்த 212-ஆம் வரிதான்.

மறுவாரம் அதற்கும் ஆபத்து வந்தது. மேலதிகாரி, மாட்டுங்காவாசி வேங்கடசுப்ரமணியன், கூப்பிட்டனுப்பினார்.

“உம்ம புரோகிராம் எல்லாருக்கும் ஒரே லிஸ்டைக் குடுக்கறதாமே. ஆரம்ப நம்பரைக் கடியாரத்துலேர்ந்து எடுத்துக்கும்.”

“ஒரு வாரம் டைம் குடுங்க சார்.”

“ஒரு கார்டு மாத்த ஒரு வாரமா? அதுக்கென்ன பஞ்சாங்கமா பாக்கணும்?”

அன்றே மாற்றினார். மறுநாள் 212-ஆம் வரியில் யாரோ முகம் தெரியாத நான்கு எழுத்துகள். அதற்கப்புறம் அவள் எந்த வரியில், யார் தாளில் வருவாள் என்று சொல்ல முடியாது. ஆகவே யாருடைய தாளையும் முழுக்கப் படிக்காமல் தனசீலன் கொடுப்பதில்லை. மூன்று வருஷம் படித்தார். விஞ்ஞானிகள் புகார் செய்தார்கள். வேங்கடசுப்ரமணியன் நேரில் விசாரிக்க வந்து, காப்பி டபராவோடு எதிரே உட்கார்ந்தார்.

“பிதற்றலை யாராவது படிப்பாளா ஓய்?”

“தப்பு இருக்கான்னு பாக்கேன் சார்.”

“அதுல எப்படி ஓய் தப்பு வரும்?”

தனசீலன் அடுத்த தாளைக் கையிலெடுத்தார். அதன் முதல் வரி க்யூ, டி, பி, எக்ஸ்: அன்று 213-ஆம் வரியில் வந்த அதே நான்கு. முந்தின தாளைத் தேடினார். அது மேஜைமேல், டபராவுக்கு அடியில் கிடந்தது. கடைசி வரி இருந்த ஓரம் நனைந்து கறுத்துக்கொண்டிருந்தது.

“சார்,” என்றார், “அந்தக் காப்பியைக் கொஞ்சம் எடுங்க.”