குடியிருப்பு எதுவும் இல்லை

மனை விற்பனை நோட்டீஸில் மலை இருந்தது. பின்னால் பனி மூடிய சிகரம், அதன் அடியில் நீலமாக ஓர் ஆறு, முன்னால் பலூன் பிடித்த இரண்டு குழந்தைகளும் சிரிக்கும் தம்பதியும். ‘குடும்பத்தோடு நிம்மதியாக வாழ ஏற்ற நகர்’ என்று கீழே கொட்டை எழுத்து. காரைக்காலில் ஏது மலை என்று அச்சகத்தாரை யாரும் கேட்கவில்லை. நாலடி தோண்டினால் தண்ணீர் ஊறும் ஊர் இது. கருங்கல்லைப் பார்க்க வேண்டுமென்றால் கோயிலுக்குள் போக வேண்டும்.

ஆறு மட்டும் நிஜம். நோட்டீஸின் கடைசி வரியும் நிஜம்: ‘அருகில் மதுக்கடை கிடையாது.’ வெளி மாவட்டத்துக்காரர்கள் பஸ் ஏறி வந்து குடித்துவிட்டுப் போகும் ஊரில் இது சிறிய விஷயமல்ல. அந்த வரிக்காகவும் ஆற்றுக் காற்றுக்காகவும் என் மனைவிக்கு அந்த இடம் பிடித்துப்போனது. வாங்கினோம், கட்டினோம், நான் ஓய்வு பெற்ற கையோடு குடிவந்தோம்.

நான் நில அனுமதிகளைக் கையாளும் ஓர் அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன். கடைசிச் சில வருடங்கள் பச்சை மையில் கையெழுத்துப் போட்டேன். பச்சை மை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அரசிதழில் பெயர் வந்த அதிகாரிக்குத்தான் அந்த உரிமை. எந்த மனுவுக்கு எத்தனை நகல், எதில் யார் சான்றொப்பம், எந்தக் கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கலாம் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். நகரில் பிறப்புச் சான்றிதழ், பட்டா மாறுதல், கொம்யூன் பஞ்சாயத்தில் குழாய் இணைப்பு என்று எதுவானாலும் என்னிடம்தான் வருவார்கள். மனைவி காபி கொடுப்பாள். நான் விதி எண்ணைச் சொல்வேன்.

முதல் இரண்டு வருடம் நோட்டீஸில் போட்டபடியே இருந்தது. குழந்தைகள் தெருவில் பயமில்லாமல் சைக்கிள் விட்டார்கள். மனைவி மொட்டைமாடியில் வடகம் காயவைத்தாள். சாயங்காலம் ஆற்றுப் படித்துறையில் உட்கார்ந்து எதிர் வீட்டு அம்மாவோடு ஊர்க்கதை பேசினாள். எதிர் வீட்டு அம்மா மண்டபத்தூரில் பிறந்தவர். கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். கடலோரத்துக் குரல் அவருக்கு. ரகசியம் பேசினாலும் எங்கள் வீட்டு ஹால் வரை கேட்கும்.

மூன்றாம் வருடம் மலை வந்தது.

அக்கரையில் யாரோ ஒரு ஒப்பந்ததாரர் தகர வேலி போட்டார். எங்கிருந்தோ வரும் நிலக்கரியை இறக்கி, சலித்து, வேறு லாரிகளில் ஏற்றி அனுப்பும் திறந்தவெளிக் கிடங்கு. முதலில் வேலிக்கு மேல் ஒரு முழம் தெரிந்தது. பிறகு தென்னை உயரம். குழந்தைகள் அதற்கு ‘மலை’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பொங்கலுக்கு நகரில் ஓவியப் போட்டி, நான் நடுவர். மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு என்று எல்லாக் குழந்தைகளும் வரையும் அதே படம்தான். ஆனால் எங்கள் நகர்க் குழந்தைகள் மலைக்குக் கறுப்பு அடித்திருந்தார்கள். பச்சை அடித்த ஒரே குழந்தை லீவுக்கு வந்த உறவுக்காரப் பெண். நான் அவளுக்குத்தான் முதல் பரிசு கொடுத்தேன்.

காலையில் போட்ட கோலம் பத்து மணிக்குச் சாம்பல் நிறமாகியது. வடகம் நின்றது. கொடியில் துணி காயப்போடுவது நின்றது. பிறகு மனைவிக்கு இருமல் வந்தது. அது மட்டும் நிற்கவில்லை. தினம் மூன்று வேளை முகத்தில் கருவியைப் பொருத்தி மருந்துப் புகையை இழுத்தாள். மருத்துவர் எழுதி முடித்துவிட்டு, “மருந்து நான் தரலாங்க. காத்தை நீங்கதான் மாத்தணும்” என்றார்.

ஒரு நாள் எதிர் வீட்டு அம்மா வந்து வாசலிலேயே நின்று சொன்னார்: “சார், நாளைக்கு நாங்க பொம்பளைங்க எல்லாம் லாரி வர்ற ரோட்ல உக்காரப் போறோம். அக்காவுக்கும் ஒரு சேர் போட்டுடுங்க. அவங்க இருமுற சத்தத்துக்கே ரெண்டு லாரி ரிவர்ஸ்ல போயிடும்.”

மனைவி சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

“ரோட்டை மறிச்சா நம்ம மேலதான் கேஸ் வரும். முறைப்படி போவோம். நான் எழுதுறேன்” என்றேன்.

“எழுதுங்க சார். நீங்க எழுதி முடிக்கறதுக்குள்ள மலை நம்ம வாசலுக்கே வந்துடும். அதுக்கும் ஒரு காபி போட்டு வைக்கிறேன்.”

கேலி செய்தாரே தவிர, உட்காரவில்லை. சார் சொன்னால் சரியாக இருக்கும் என்று எல்லாப் பெண்களும் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

நான் எழுதினேன். பொருள், பார்வை, இணைப்பு என்று ஒரு குறை சொல்ல முடியாத மனு. முதல் அலுவலகம் இது தங்கள் வரம்பில் இல்லை என்றது. இரண்டாவது அலுவலகம் முதல் அலுவலகத்தின் கருத்தைக் கேட்டது. நினைவூட்டல் ஒன்று, நினைவூட்டல் இரண்டு. ஒரு வருடம் போனது. கடைசியில், கிடங்குக்கு அனுமதி கொடுத்த கோப்பின் நகலைத் தகவல் அறியும் உரிமையில் கேட்டேன். கிடங்கின் சர்வே எண்ணை மனுவில் எழுதும்போது ஏதோ உறுத்தியது. ஒரு நாளைக்கு நாற்பது கோப்பு பார்த்தவனுக்கு எந்த எண்ணும் பார்த்த மாதிரிதான் இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன். நினைவில்லை என்பது முக்கால் பங்கு உண்மை.

பதில் தபால் வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தால், மனைவி உறையைப் பிரித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். நகலில் பச்சை மை கறுப்பாகத்தான் தெரியும். ஆனால் முப்பத்தைந்து வருடம் மளிகைச் சீட்டில் பார்த்த கையெழுத்து மாறுமா?

‘இடத்தை நேரில் பார்வையிட்டேன். எதிர்க்கரையில் காலி மனைகள் மட்டுமே. குடியிருப்பு எதுவும் இல்லை. ஆட்சேபனை இல்லை.’

“ஏங்க, இந்தத் தேதி நம்ம மனை பார்க்க வந்த நாளுல்ல? பொண்ணு வளைகாப்புக்கு முந்தின ஞாயித்துக்கிழமை?”

“ஆமா.”

ஜீப் எடுத்துக்கொண்டு தனியாக ஒரு நாள் ஏன் போக வேண்டும் என்று நினைத்திருந்தேன். மனை பார்க்க வந்த இடத்தில், இக்கரையில் நின்றபடியே அக்கரையையும் பார்த்துவிட்டேன். எங்கள் அலுவலகத்தில் அதற்குத் தவறு என்று பெயரில்லை, சிக்கனம் என்று பெயர். விடுமுறை நாளிலும் கடமை பார்த்தவன் என்று மேலதிகாரி பாராட்டக்கூடச் செய்தார்.

“நான் மஞ்சப் புடவை கட்டிக்கிட்டு இங்கதான் நின்னேன். காத்து நல்லா இருக்குன்னு சொன்னேன். நீங்களும் ஆமான்னீங்க.”

“அன்னைக்கு இங்க வீடு எதுவும் இல்லையே. வீட்டு வரி எண் இருந்தாத்தான் குடியிருப்புன்னு கணக்கு.”

“நான் ஒண்ணும் கேக்கலைங்க. படிச்சேன், சொன்னேன்.”

அன்று சாப்பிடும்போது ஒன்றே ஒன்று கேட்டாள். “‘நான் எழுதினது தப்பு’ன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துடுங்களேன்.”

“ரிட்டயர் ஆனவன் பழைய குறிப்பைத் திருத்த வழி கிடையாது.”

“வழி இல்லன்னு எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பீங்க. அதுல நானும் ஒருத்தி, போங்க.”

அடுத்த வாரம் மகள் வந்து அவளை அழைத்துப்போனாள். மகள் இருப்பது மேற்கே, மலையடிவாரத்தில், ஒரு நகரத்தின் புறத்தில் வளர்ந்த சின்ன ஊர். அங்கே கல்லில் மோதி ஓடும் ஆறு உண்டு. பூங்கா, சைக்கிள் விடும் குழந்தைகள், மாலையில் காற்று. போய்ச் சேர்ந்த மறுநாள் மனைவி போனில் சொன்னாள்: “நோட்டீஸ்ல போட்ட ஊரு இதுதாங்க. அட்ரஸைத்தான் மாத்தி அடிச்சுட்டாங்க.” நான் சிரித்தேன். அவள் மூச்சு வாங்குவது போனிலும் கேட்டது.

அந்த ஒரு வரியை எழுத எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. மானம் போகும் என்ற பயம் பாதி. எந்தப் படிவத்தில் எழுதுவது என்ற குழப்பம் பாதி. கொண்டுபோய்க் கொடுத்தபோது என் பழைய நாற்காலியில் என்னிடம் வேலை கற்றவர் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்று, டீ வரவழைத்தார்.

“சார், நீங்க எழுதினதை நீங்களே தப்புங்கறீங்க. இதை எந்த ஃபைல்ல வைக்கறதுன்னு எனக்குத் தெரியலை. நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியே யோசிக்கிறேன். புதுசா ஒரு கள ஆய்வு போடலாம். ஆனா வர்ற அன்னைக்கு அங்க ஆள் இருக்கணும். வீட்டைப் பூட்டிட்டு மட்டும் போயிடாதீங்க சார்.”

அதற்குள் நகரில் பாதி வீடுகள் பூட்டிக்கிடந்தன. இதை மனைவியிடம் சொன்னேன். “அப்ப நீங்க அங்கயே இருங்க. ஆள் இருக்குன்னு தெரியணும்ல” என்றாள்.

இருந்தேன். ஒரு புதன்கிழமை ஆய்வு என்று கடிதம் வந்தது. முந்தின நாள் மகள் கூப்பிட்டு, “அப்பா, உடனே கெளம்பி வாங்க” என்றாள். ஆய்வு முடிந்ததும் கிளம்பி வியாழன் காலையில் வந்துவிடுகிறேன் என்றேன். புதன்கிழமை சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, கோப்பை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. மூன்று மணிக்கு மகள் அழைத்தாள். அங்கே நல்ல காற்றுதான். அதை வாங்கும் நிலையில் என் மனைவியின் நுரையீரல் இல்லை.

காரியம் முடிந்து திரும்பி வந்தேன். எதிர் வீட்டு அம்மா சாவி கொடுத்தார், வீட்டைப் பெருக்கி வைத்திருந்தார். அன்றைக்கே ரோட்டில் உட்கார்ந்திருக்கலாம் என்று இதுவரை ஒரு தடவைகூட அவர் சொல்லவில்லை. சொன்னால் கொடுப்பதற்கு விதி எண்ணோடு ஒரு பதில் வைத்திருந்தேன். இப்போது அதுவும் மறந்துகொண்டிருக்கிறது.

ரேஷன் கார்டில் இறந்தவர் பெயரை நீக்குவது எளிது. ஒரு படிவம், இறப்புச் சான்றிதழ் நகல், அசல் கார்டு. நகரில் எத்தனையோ பேருக்குப் பத்து நிமிடத்தில் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். இதையும் நிரப்பினேன். கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலியாக, மேசை இழுப்பறையில் இருக்கிறது.

போன மாதம், முன்னறிவிப்பில்லாமல், ஆய்வுக்கு வந்தார்கள். கையில் டேப்லட்டுடன் ஓர் இளம் பெண் அதிகாரி, அளவு நாடாவுடன் ஒருவர். அக்கரையில் மலை அப்படியே இருந்தது. அந்தப் பெண் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு கேட்டார்: “இந்த வீட்ல எத்தனை பேர் சார் குடியிருக்கீங்க?”

மஞ்சள் ரேஷன் கார்டை நீட்டினேன். “ரெண்டு பேர்.”

“மேடம் உள்ள இருக்காங்களா?”

எதிர் வீட்டு அம்மா தன் வாசலில் நின்று என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, “அக்கா மக வீட்டுக்குப் போயிருக்காங்க” என்றார். முதல் முறையாக அவர் குரல் எங்கள் ஹால் வரை வந்திருக்காது.

அதிகாரி தட்டச்சு செய்ததைக் காட்டச் சொல்லிப் படித்தேன். ‘குடியிருப்பு உள்ளது. நபர்கள்: 2.’ என் மனைவி இங்கே நின்றிருந்த நாளில் யாருமில்லை என்று எழுதினேன். அவள் இல்லாத நாளில் இருக்கிறாள் என்று பதிவாகிவிட்டது. இரண்டு பதிவுக்கும் நான்தான் சாட்சி.

நாடாக்காரர் கையெழுத்து வாங்கத் தாளை நீட்டினார். சட்டைப்பையைத் தடவினேன். ஓய்வு பெற்றவனுக்குப் பச்சை மை கிடையாது. நீல மையில் போட்டுக் கொடுத்தேன்.